பூசான் ரயில் நிலையத்தைச் சுற்றி: சாப்பாடும் நடையும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் கொரியாவின் பூசானுக்கு ரயிலில் வருகிறவர்களில் பலர் இறங்கிய கையோடு மெட்ரோ பிடித்து ஹேயுண்டே கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் போனேன். அடுத்த முறை திரும்பும் ரயிலுக்கு நான்கு மணி நேரம் மிச்சமிருந்தது. சரி, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நிலையத்துக்கு எதிரே தெரிந்த மேட்டில் ஏறினேன். இன்று பூசான் என்றாலே எனக்கு அந்த மேடும் அதன் அடிவாரத்துச் சாப்பாட்டுக் கடைகளும்தான் நினைவுக்கு வருகின்றன.

போகப்போகிற நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நிலையத்தைச் சுற்றிக் கிடைக்கும் சாப்பாடு ஏறக்குறைய எல்லாமே வேறெங்கிருந்தோ ஓடிவந்து இங்கே தங்கிவிட்டவர்களின் சாப்பாடு. அதைத் தெரிந்துகொண்டு சாப்பிட்டால் ருசி கூடும் என்பது என் அனுபவம்.

சியோலிலிருந்து எப்படி வருவது?

சியோல் நிலையத்திலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். சாதாரண வகுப்புக் கட்டணம் 59,800 வோன். நகரின் தென்கிழக்கே சூசோ நிலையத்திலிருந்து எஸ்ஆர்டி என்ற இன்னொரு அதிவேக ரயிலும் வருகிறது. டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டுக்கும் நடுவே ஹான் ஆறே ஓடுகிறது. நேரம் இருந்து பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் முகுங்ஹ்வா என்ற பழைய வகை ரயில் உண்டு. பாதிக் கட்டணம்தான், ஆனால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

பெட்டிகளை எங்கே வைப்பது?

நிலையத்துக்குள்ளேயே லாக்கர்கள் இருக்கின்றன. பெரிய லாக்கர்கள் சனிக்கிழமை மதியத்துக்குள் நிரம்பிவிடும், ஆகவே இறங்கியதும் முதல் வேலையாக அதை முடியுங்கள். மேட்டில் ஏறும் எண்ணம் இருந்தால் சக்கரப் பெட்டியை எடுத்துப் போகவே கூடாது. முழுக்கப் படிக்கட்டு.

நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் வெளியே வருவது?

பூசான் நிலையத்துக்கு இரண்டு முகங்கள். முன்பக்கம் பெரிய சதுக்கம், அதைத் தாண்டிப் பெருஞ்சாலை, சாலைக்கு அப்பால் சோர்யாங் என்ற பழைய பகுதி. அதன் பின்னால் வீடுகள் அடுக்கடுக்காக ஏறிப்போகும் மலைச்சரிவு. பின்பக்கம் துறைமுகம். அங்கே 2015இல் திறந்த பன்னாட்டுப் பயணிகள் முனையத்திலிருந்து ஜப்பானின் ஃபுகுவோகாவுக்கும் சுஷிமா தீவுக்கும் கப்பல்கள் போகின்றன. நிலையத்திலிருந்தே நடைமேம்பாலம் வழியாக அந்தப் பக்கம் போய்விடலாம். நீரோரமாகப் புதிதாக ஒரு பூங்காவும் அமைத்திருக்கிறார்கள்; மாலை வெயில் தாழ்ந்தபின் நடக்க நன்றாக இருக்கும்.

பசியோடு வருகிறவர்கள் முன்பக்கம் வாருங்கள்.

ஒரே ஒரு வேளைதான் சாப்பிட நேரம் என்றால் எதைச் சாப்பிடுவது?

பன்றி இறைச்சி சாப்பிடுவீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்: ட்வேஜி குக்பாப். ட்வேஜி என்றால் பன்றி, குக் என்றால் சாறு, பாப் என்றால் சோறு. பன்றி எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, மெல்லிய இறைச்சித் துண்டுகளைப் போட்டு, கருப்பு மண்கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைப்பார்கள். கொரியா முழுவதும் இது கிடைத்தாலும் இது பூசானின் சொந்தச் சாப்பாடு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கொரியப் போரின்போது அகதிகளாக வந்தவர்கள், மலிவாகக் கிடைத்த பன்றி எலும்பையும் தலைக்கறியையும் வைத்து இதைப் பெருக்கினார்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை.

முதல் வாய் சாப்பிடும்போது 'இதில் உப்பே இல்லையே' என்று தோன்றும். உப்பு நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டியது. மேசையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சேவுஜொத் இருக்கும். உப்பில் ஊறிப் புளித்த கூனி இறால் அது. கொஞ்சமாக எடுத்துக் கலக்கி, ருசி பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம். அப்புறம் மிளகாய்ச் சாந்து, காரமாகப் பிசைந்த புச்சு கீரை. நம் ஊர்க் கீரை எதோடும் இதை ஒப்பிட முடியாது. பூண்டு வாசனை அடிக்கும் புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மொத்தமாகச் சாற்றுக்குள் தள்ளிவிடுவதுதான் பூசான் வழக்கம். கூடவே ஒரு சின்னச் சுருள் கோதுமை நூடுல்ஸ் வரும். அதைத்தான் முதலில் சாற்றில் போட்டுச் சாப்பிட வேண்டும், வைத்திருந்தால் ஊறிக் குழைந்துவிடும்.

சோறு தனியாக வேண்டுமென்றால் 'த்தாரோ குக்பாப்' என்று கேளுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் கேட்பேன். முதலில் சாற்றைத் தனியே நாலு கரண்டி குடித்துவிட்டு, பிறகு சோற்றைக் கொட்டினால் இரண்டு ருசியும் கிடைக்கும்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே 'பொன்ஜொன் ட்வேஜி குக்பாப்' என்ற பெயர்பெற்ற கடை இருக்கிறது. மதிய நேரத்தில் வரிசை நீளும், ஆனால் வேகமாக நகரும். வரிசை வேண்டாம் என்றால் சாலையைக் கடந்து சோர்யாங் சந்துகளுக்குள் போங்கள். உள்ளூர் முதியவர்கள் தனித்தனியே உட்கார்ந்து சாப்பிடும் கடை கண்ணில் பட்டால் உள்ளே நுழைந்துவிடுங்கள். இதுவரை அந்தக் கணக்கு எனக்குத் தப்பியதில்லை.

வெயில் காலத்தில் அவ்வளவு சூடாக எப்படிச் சாப்பிடுவது?

அதற்குத்தான் மில்ம்யொன் இருக்கிறது. மில் என்றால் கோதுமை, ம்யொன் என்றால் நூடுல்ஸ். பனிக்கட்டி மிதக்கும் குளிர்ந்த சாற்றில் மெல்லிய நூடுல்ஸ், மேலே வெள்ளரி, முள்ளங்கி, ஒரு துண்டு இறைச்சி, பாதி முட்டை, ஒரு கரண்டி சிவப்புச் சாந்து.

இதன் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். வட கொரியப் பகுதிகளின் சாப்பாடு நேங்ம்யொன். பாப்பரை (பக்வீட்) என்ற தானிய மாவிலும் கிழங்கு மாவிலும் செய்யும் குளிர்ந்த நூடுல்ஸ். 1950இல் போர் மூண்டபின் வடக்கிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் பூசானுக்கு ஓடிவந்தார்கள். ஊர் நினைப்பு வந்தால் ஊர்ச் சாப்பாட்டைத்தானே மனம் தேடும்? ஆனால் இங்கே பாப்பரை கிடைக்கவில்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு தாராளமாகக் கிடைத்தது. அதைக் கொண்டே நேங்ம்யொனைச் செய்து பார்த்தார்கள். வந்தது வேறொரு சாப்பாடு, அது அப்படியே பூசானுடையதாகிவிட்டது. இன்றும் அதைச் சாப்பிடும்போதெல்லாம், கைக்குக் கிடைத்ததை வைத்து ஊர் ருசியைத் திரும்பப் பிடிக்கப் பார்த்த அந்தத் தாய்மார்களை நினைத்துக்கொள்வேன்.

கடையில் இரண்டே வகைதான்: 'முல்' என்றால் சாற்றோடு, 'பிபிம்' என்றால் காரச் சாந்தில் பிரட்டியது. உட்கார்ந்ததும் ஒரு கெண்டியில் சூடான சாறு தருவார்கள். டீ என்று நினைத்துவிடாதீர்கள், எலும்புச் சாறு. நூடுல்ஸைக் கத்தரிக்கோலால் இரண்டு வெட்டு வெட்டிக்கொள்ளலாம். வினிகரும் கடுகுச் சாந்தும் மேசையிலேயே இருக்கும், பாதி சாப்பிட்டபின் சேர்த்துக்கொண்டால் ருசி மாறும். நிலையத்துக்கு எதிரே உள்ள 'சோர்யாங் மில்ம்யொன்' எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய கடை.

எதிரே சீன நுழைவாயில் ஒன்று தெரிகிறதே, அது என்ன?

அதுதான் சாங்காய் தெருவின் வாயில். 1884இல் சீனாவின் சிங் அரசு தன் மக்கள் குடியிருக்க இந்த இடத்தைப் பெற்றது. சீன வம்சாவளியினர் அன்று முதல் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கான பள்ளியும் இங்கேயே உள்ளது. 1993இல் பூசானும் சாங்காயும் சகோதர நகரங்களான பிறகு தெருவுக்கு இந்தப் பெயரும் அலங்காரமும் வந்தன.

இங்கே சாப்பிட வேண்டியது மாண்டு. நம் கொழுக்கட்டையின் தூரத்து உறவு என்று சொல்லலாம்: மாவுக்குள் இறைச்சியும் காய்கறியும் வைத்து ஆவியில் வேகவைப்பது, அல்லது ஒருபக்கம் மொறுமொறுப்பாக வறுப்பது. 'சின்பால்வொன்' என்ற கடை 1951 முதல் நடக்கிறது. வறுத்த மாண்டுவைச் சாறு கொதிக்கிற பதத்தில் கடித்து உதட்டைச் சுட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு. ஓரத்தில் சின்னதாகக் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு, பிறகு சாப்பிடுங்கள்.

அதே தெருவோடு ஒட்டியபடி டெக்சாஸ் தெரு. போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் வந்துபோன இடம், பெயர் அப்படி வந்தது. பிறகு ரஷ்ய மாலுமிகளும் மத்திய ஆசியத் தொழிலாளர்களும் வரத் தொடங்கினார்கள். இன்று கொரியம், சீனம், ரஷ்யம் மூன்றும் ஒரே பார்வையில் பெயர்ப்பலகைகளில் தெரியும். உஸ்பெக் உணவகங்களில் ஆட்டிறைச்சி வைத்த சம்சா, கல் அடுப்பு ரொட்டி, புலாவ் எல்லாம் கிடைக்கும். சம்சாவும் புலாவும் நம் நாக்குக்குப் புதிதே இல்லை. கொரியச் சாப்பாட்டில் இரண்டு மூன்று நாள் கழிந்தபின் அந்தச் சீரக வாசனை மூக்கில் ஏறும்போது கிடைக்கும் நிம்மதியைச் சொல்லி முடியாது.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லை, ஆனால் கவனமாக இருக்க வேண்டும். இங்கே சிக்கல் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியால் வருவதில்லை, சாற்றால் வருகிறது. பார்க்க வெறும் காய்கறிச் சாறு போல இருப்பதில் நெத்திலிக் கருவாடு வேகவைத்த நீர் இருக்கும். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பில் ஊறிய கூனியோ மீன்சாறோ இருக்கும். மில்ம்யொன், குக்பாப் இரண்டும் எலும்புச் சாறு. ஒரு கடையில் 'மெல்லிய டோஃபு' என்று நம்பி ஒரு கிண்ணம் வாங்கி, அடியில் சிப்பிகளைக் கண்டு அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கிறார் என்னோடு வந்த தோழி. கடைக்காரர் மேல் தவறு இல்லை, நாங்கள் கேட்கவே இல்லை.

நம்பிச் சாப்பிடக் கூடியவை இவை. பிபிம்பாப், அதாவது சோற்றின் மேல் விதவிதமான காய்கறிகளை வைத்துக் காரச் சாந்தோடு பிசைந்து சாப்பிடுவது. 'கோகி பேகோ ஜுசேயோ' என்றால் 'இறைச்சி இல்லாமல் தாருங்கள்' என்று பொருள். ஆனால் சாந்திலேயே சிலர் அரைத்த இறைச்சி சேர்ப்பார்கள், அதையும் கேட்டுவிடுங்கள். கிம்பாப் சுருளில் ஹாம், மீன்பலகாரம் இரண்டையும் எடுத்துவிடச் சொன்னால் கண்ணெதிரே புதிதாகச் சுற்றித் தருவார்கள். கஞ்சிக் கடைகளில் ஹோபாக்ஜுக் என்ற பரங்கிக்காய்க் கஞ்சி, பத்ஜுக் என்ற சிவப்புப் பயறுக் கஞ்சி கிடைக்கும். பயணக் களைப்புக்கு அதைப் போல வேறொன்று இல்லை. குளிர்காலத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு. நம்போ பகுதிக்குப் போனால் விதைகள் அடைத்த ஹோத்தொக், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முட்டையும் சேராத, பூண்டும் சேராத சுத்த சைவம் என்றால் நிலையத்தைச் சுற்றிக் கடினம்தான். கடைகளில் இரண்டு நிமிடத்தில் சூடாக்கிக்கொள்ளும் சோற்றுக் கிண்ணம் விற்பார்கள். கையில் ஒரு பாட்டில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் இருந்தால் கவலையே இல்லை.

மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சி மட்டும் வேண்டாம் என்றால்?

சோகோகி என்றால் மாட்டிறைச்சி, ட்வேஜிகோகி என்றால் பன்றி இறைச்சி, தக்கோகி என்றால் கோழி. இந்த மூன்று சொல் போதும். மாண்டுவில் பெரும்பாலும் பன்றி. ஹலால் தேடுகிறவர்கள் மேலே சொன்ன உஸ்பெக் கடைகளில் விசாரிக்கலாம். எல்லாக் கடையும் ஹலால் என்று நினைத்துவிடாமல் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

தனியாகப் போனால் உட்காரவிடுவார்களா? எப்படிக் கூப்பிடுவது?

குக்பாப், மில்ம்யொன், மாண்டு, கிம்பாப் கடைகளில் தனியாள் சாப்பிடுவது மிகச் சாதாரணம். மேசையிலேயே அடுப்பு வைத்துச் சுடும் இறைச்சிக் கடைகளும் கூட்டாகச் சாப்பிடும் குழம்புக் கடைகளும் பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்து தருவதில்லை.

பரிமாறுகிறவரைக் கூப்பிட 'யோகியோ' என்று கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டும். அது மரியாதைக் குறைவு ஆகாது. சிறு கடைகளில் பரிமாறும் நடுவயதுப் பெண்களை உள்ளூர்க்காரர்கள் 'இமோ' என்பார்கள். அம்மாவுடன் பிறந்தவள், அதாவது நம் சித்தி, பெரியம்மா. கடைக்கார அம்மாவை 'அக்கா, இன்னொரு இட்லி' என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இந்த உறவுமுறைப் பேச்சு சட்டென்று ஒட்டிக்கொள்கிறது.

கரண்டியும் குச்சிகளும் மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும். தொடுகறிகளுக்குத் தனிக் காசு இல்லை, தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. பிற்பகல் 3 முதல் 5 வரை பல கடைகள் இடைவேளை விடுவதால் அந்த நேரத்தில் பசியோடு வந்திறங்குவதைத் தவிர்த்துவிடுங்கள்.

அந்த மேட்டில் என்ன இருக்கிறது? ஏறுவது அவ்வளவு முக்கியமா?

என்னைக் கேட்டால், ஆம். சோர்யாங் இபாகு-கில் என்று அந்த வழிக்குப் பெயர். கில் என்றால் வழி. கதை என்பதற்குக் கொரிய மொழியில் பொதுவாக இயாகி என்பார்கள், தெற்கத்திய கியோங்சாங் வட்டார வழக்கில் அது இபாகு. கதைவழி.

நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடந்ததும் ஒரு பழைய செங்கல் கட்டடம் நிற்கும். 1922இல் கட்டிய பெக்ஜே மருத்துவமனை. பிற்பாடு சீன உணவகமாக இருந்தது, கைமாறிக் கைமாறி இப்போது உள்ளே தேநீர் குடிக்கலாம், புத்தகம் படிக்கலாம். பூச்சு உதிர்ந்த சுவர்களை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் நாம்சொன் கிடங்கின் மிச்சச் சுவர். வடக்குக் கடலிலிருந்து வந்த காய்ந்த மீன் மூட்டைகள் அடுக்கியிருந்த கிடங்கு. 2009இல் இடித்துவிட்டார்கள், ஒரு சுவர் மட்டும் நிற்கிறது. எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தம்தான்.

பிறகு சந்துகள் குறுகி, 168 படிகளின் அடிவாரத்துக்கு வருவீர்கள். நேர்செங்குத்தாக ஏறும் கல்படிகள். கீழே ஒரு கிணறு. போர் முடிந்த காலத்தில் மேட்டில் குடிசை போட்டவர்கள் அந்தக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் சுமந்து ஏறினார்கள். துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றதும் கூலிவேலைக்காக இதே படிகளில் ஓடி இறங்கினார்கள். முதலில் போனவருக்குத்தான் வேலை. வெறுங்கையோடு ஏறியே எனக்கு மூச்சு வாங்கியது, இரண்டு குடம் தண்ணீரோடு ஏறியவர்களை என்ன சொல்ல!

பாதி வழியில் நின்று திரும்பிப் பாருங்கள். ரயில் நிலையம், தண்டவாளங்கள், அதற்கப்பால் பாரந்தூக்கிகள், பாலம், கடல். அந்த மக்களின் வாழ்க்கை முழுவதும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

மேலே மருத்துவர் ஜாங் கி-ர்யோவுக்கு ஒரு நினைவு மையம் இருக்கிறது. பியோங்யாங்கில் அறுவை மருத்துவராக இருந்தவர். 1950 டிசம்பரில் இரண்டாவது மகனை மட்டும் கூட்டிக்கொண்டு தெற்கே வந்துவிட்டார். மனைவியும் மற்ற குழந்தைகளும் வடக்கில் நின்றுவிட்டார்கள். பூசானில் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்தார். 1968இல், அரசின் காப்பீடு எல்லோருக்கும் வருவதற்கு நெடுநாள் முன்பே, மக்கள் சிறு தொகை கட்டிச் சேரும் நீலச் சிலுவை மருத்துவக் காப்பீட்டுக் கூட்டுறவைத் தொடங்கினார். 1979இல் மகசேசே விருது கிடைத்தது. மறுமணம் செய்துகொள்ளாமல், மனைவியை மீண்டும் பார்க்காமலே 1995 கிறிஸ்துமஸ் நாளில் இறந்துபோனார். சிறிய இடம்தான், அரை மணி நேரம் போதும். ஆனால் வெளியே வரும்போது மனம் கனத்துவிடும்.

இன்னும் மேலே ஏறினால் சான்போக் தோரோ, மலையிடுப்பில் சுற்றிப்போகும் சாலை. அங்கே கவிஞர் யூ சி-ஹ்வான் பெயரில் ஒரு சிவப்புத் தபால்பெட்டி உண்டு. அதில் போடும் கடிதம் ஒரு வருடம் கழித்துப் போய்ச்சேரும். பக்கத்திலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு எழுதலாம்.

முதியவர்களை அழைத்துப் போகலாமா?

168 படிகளில் ஏறச் சொல்லாதீர்கள். நகரப் பேருந்துகள் சான்போக் தோரோவிலேயே ஓடுகின்றன. மேலே பேருந்தில் போய், பார்த்துவிட்டு, டாக்சியில் இறங்கிவிடுங்கள். பேருந்தின் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அதுவே நல்ல சுற்றுலா. எந்தப் பேருந்து என்பதை நேவர் மேப் செயலியில் பாருங்கள். கூகுள் மேப்பை நம்பி நடக்காதீர்கள், கொரியாவில் அது நடைவழியைச் சரியாகக் காட்டுவதில்லை.

இந்த நிலையம் எப்போதுமே இங்கேதான் இருந்ததா?

இல்லை. பழைய பூசான் நிலையம் இதற்குத் தெற்கே ஜுங்ஆங் பகுதியில் இருந்த அழகான செங்கல் கட்டடம். 1953 நவம்பர் 27 இரவு குடிசைப் பகுதியில் பிடித்த தீ காற்றில் பரவி, ஆயிரக்கணக்கான வீடுகளோடு நிலையத்தையும் எரித்துவிட்டது. போர்நிறுத்தம் வந்து நான்கே மாதங்கள்தான் ஆகியிருந்தன. எல்லாம் இழந்து வந்தவர்கள் மறுபடியும் எல்லாம் இழந்தார்கள். இப்போதைய இடத்தில் நிலையம் 1969இல் வந்தது, கேடிஎக்ஸ் 2004இல்.

இந்தியாவுக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாத ஒன்று. கொரியப் போரில் இந்தியா சண்டைக்குப் படை அனுப்பவில்லை, 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். அந்தப் பிரிவு 1950 நவம்பரில் கப்பலில் வந்திறங்கியது இதே பூசானில்தான். இங்கிருந்து வடக்கே போனார்கள். சீனப் படை இறங்கியதும் பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்க வேண்டியதாயிற்று. வண்டிகள் இல்லை, மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். அவர்களுக்கு மனம் வரவில்லை. கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு கருவிகளோடு தெற்கே வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்து மருத்துவம் பார்த்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. 2020 ஜூலை மாதத்தின் போர் வீரராகக் கொரிய அரசு அவரை அறிவித்தது.

நடைமேடையில் நிற்கும்போது அந்த எஞ்சினை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அரை நாள் முழுதாக இருந்தால்?

மெட்ரோ முதல் தடம், ஆரஞ்சு நிறம். தெற்கு நோக்கி ஒரு நிறுத்தம் ஜுங்ஆங், இரண்டாவது நம்போ, மூன்றாவது ஜகால்ச்சி. ஜுங்ஆங்கில் இறங்கினால் 40 படிகள். அகதிகள் கூடி உட்கார்ந்து, தொலைந்த உறவினர்களைத் தேடிய இடம். நம்போவில் யோங்தோ பாலம், 1934இல் திறந்த தூக்குப்பாலம். 'பிரிந்துவிட்டால் யோங்தோ பாலத்தில் சந்திப்போம்' என்று சொல்லிவிட்டு ஓடிவந்தவர்கள் ஏராளம். 1966இல் தூக்குவதை நிறுத்தி, 2013இல் மீண்டும் தொடங்கினார்கள். குறித்த நேரத்தில் மட்டும் தூக்குவதால் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டுக்கு மூன்று இடம். நம்போவில் உள்ள பிஃப் சதுக்கத்தில் ஹோத்தொக்: எண்ணெயில் பொரித்த தட்டையான மாவப்பத்தின் வாயைக் கத்தரித்து, வெல்லப்பாகோடு சூரியகாந்தி, பரங்கி விதைகளை அள்ளிப் போட்டுத் தருவார்கள். ஜகால்ச்சி மீன் சந்தையில் கீழே மீனைக் காட்டி வாங்கி, மேலே சமைத்துத் தரச் சொல்லிச் சாப்பிடலாம். விலையை முதலிலேயே பேசி, மேலே சமையலுக்குத் தனியாக எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள். மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய்க்கிழமைகளில் சந்தைக் கட்டடம் விடுமுறை. இருட்டியபின் புப்யோங் க்காங்தோங் சந்தையின் இரவுக் கடைகள். க்காங்தோங் என்றால் தகரடப்பா, அமெரிக்கப் படையின் டப்பா உணவுகள் இங்கே விற்கப்பட்டதால் வந்த பெயர்.

கம்சொன் கிராமம் நிலையத்திலிருந்து தூரமா?

நான்காவது நிறுத்தமான தோசொங்கில் இறங்கி, சிற்றுந்தில் மேலே போக வேண்டும். நிறம் பூசிய வீடுகளால் புகழ்பெற்ற இடம், பகலில் கூட்டம் தாங்காது. அங்கே இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னல்களுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். நேரம் இருந்தால் பக்கத்து ஆமி பகுதியைப் பாருங்கள். பழைய ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்தின் மேல், கல்லறைக் கற்களையே அடித்தளமாக வைத்து அகதிகள் வீடு கட்டிய இடம்.

இரவில் நிலையத்தைச் சுற்றி நடக்கலாமா?

பெரிய சாலையிலும் சதுக்கத்திலும் நடக்கலாம். டெக்சாஸ் தெருவில் மதுக்கடைகள் அதிகம். குடும்பத்தோடு போகிறவர்கள் அங்கே இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது.

எவ்வளவு செலவாகும்?

ஒரு கிண்ணம் குக்பாப் சுமார் 10,000 வோன், மில்ம்யொன் அதற்குச் சற்றுக் குறைவு. கார்டு எல்லா இடத்திலும் எடுப்பார்கள், சந்தைத் தள்ளுவண்டிகளுக்குக் கொஞ்சம் சில்லறைப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் டி-மனி அட்டை.

எந்த மாதத்தில் போகலாம்?

அக்டோபர். வானம் தெளிவாக இருக்கும், மேட்டில் ஏறினால் வியர்க்காது. 'சொல்லால்' என்ற புத்தாண்டு, 'சுசொக்' என்ற அறுவடைத் திருநாள் ஆகிய இரண்டு பெரும் பண்டிகைகளின்போது மட்டும் வேண்டாம். ரயிலில் இடம் கிடைக்காது, நல்ல கடைகள் பூட்டியிருக்கும்.

திரும்பும் ரயிலில் சாப்பிட என்ன வாங்கலாம்?

ஓமுக். மீன் விழுதையும் மாவையும் பிசைந்து பொரிப்பது. பூசானின் பெயரோடு கொரியா முழுவதும் விற்கிறது, யோங்தோவில் 1953இல் தொடங்கிய சம்ஜின் ஓமுக் அதில் பழையது. நிலையத்திலேயே ஓமுக் கடை உண்டு. குச்சியில் குத்திய சூடான ஓமுக்கை அங்கேயே நின்று சாப்பிட்டு, காகிதக் கோப்பையில் சாற்றையும் வாங்கிக் குடியுங்கள். ரயிலுக்கு ஓமுக் குரோக்கெட் நல்லது. உள்ளே உருளைக்கிழங்கு, சீஸ், இறால் என்று பல வகை, ஆறினாலும் ருசி குறையாது. மாண்டுவைக் கட்டி எடுத்துப் போனால் பெட்டி முழுக்க வாசனை பரவும், பக்கத்தில் இருப்பவர்களை நினைத்து அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நடைமேடைக்குப் போக டிக்கெட் சோதிக்கும் கதவு எதுவும் இல்லை. பெட்டி எண்ணையும் இருக்கை எண்ணையும் மட்டும் பார்த்து ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே கடைசிப் பத்து நிமிடம் வரை ஓமுக் கடையில் நிற்கலாம்.